மெட்ராஸுக்கு வந்து சேராத கப்பலை வரைந்தவர்: யார் இந்த டர்னர்?

சுருளிப்பட்டியில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் கடல் தெரியாது. மேற்கே மலை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம், கொஞ்சம் தள்ளி சுருளி அருவி. அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்கில் இங்கிலாந்துக்காரர் என்று பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே கடலுக்குப் போன தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர். அவர் பிறந்த ஜனவரி 15-ம் தேதியைப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடும் ஊர்கள் இங்கே உண்டு.

பென்னிகுவிக் பிறந்தது 1841-ல். அந்தக் காலத்தில் லண்டனில் இன்னொரு முதியவர் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் பொறியாளர் இல்லை, ஓவியர். பெயர் ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர். பிரிட்டன் உலகக் கடல்களை ஆண்ட காலத்தில், அந்தக் கடல்களில் உடைந்த கப்பல்களையும் போன உயிர்களையும் திரும்பத் திரும்ப வரைந்தவர். அவருடைய புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியம் ஒன்றில் உடைந்துகொண்டிருக்கும் கப்பல், நம்ம மெட்ராஸுக்குக் கிளம்பி வந்து சேராமல் போன கப்பல் என்று கருதப்படுகிறது.

யார் இந்த டர்னர்? அவர் ஏன் கப்பல் உடைவதையே வரைந்துகொண்டிருந்தார்? அந்த ஓவியங்களுக்கும் அவருடைய சொந்தக் காசுக்கும் என்ன சம்பந்தம்?

சலூன் சுவரில் முதல் கண்காட்சி

1775-ல் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில், மெய்டன் லேன் என்ற குறுகலான சந்தில் டர்னர் பிறந்தார். அப்பா வில்லியம் முடிதிருத்துபவர். பணக்காரர்கள் தலையில் வைத்துக்கொள்ளும் டோப்பாக்களும் செய்து விற்பவர். அம்மா மேரிக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. தங்கை ஐந்து வயதை எட்டும் முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் சூழ்நிலை சரியில்லாததால் பையனை உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போன ஊர்களில் ஒன்று மார்கேட். அது கடலோர ஊர்.

பையன் வரைந்த படங்களை அப்பா தன் கடைச் சுவரிலேயே மாட்டி வைத்தார். முடி வெட்ட வந்தவர்கள் ஒன்றிரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் போனார்கள். 14 வயதில் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்தது. 15 வயதில், 1790-ல், அகாடமியின் ஆண்டுக் கண்காட்சியில் அவருடைய நீர்வண்ண ஓவியம் இடம்பெற்றது. 1802-ல், 26 வயதில், அகாடமியின் முழு உறுப்பினர் ஆகிவிட்டார்.

மேலே போனாலும் பேச்சு மாறவில்லை. லண்டன் தெருப் பேச்சு வழக்கு கடைசி வரை அவரிடம் இருந்தது. மேல்தட்டு ஆட்கள் அதைக் கிண்டல் செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அப்பாவைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்தார். பல ஆண்டுகள் மகனுக்கு கேன்வாஸ் இழுத்துக் கட்டிக் கொடுப்பதும் ஓவியங்களுக்கு வார்னிஷ் அடிப்பதும் அப்பாவின் வேலை. 1829-ல் அவர் இறந்தபோது டர்னர் உடைந்துபோனார். அம்மாவின் கதை வேறு. மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1804-ல் இறந்தார்.

வாட்டர் கலரில் கடலை வரைவது ஏன் கஷ்டம்?

டர்னரின் சாதனை புரிய வேண்டுமென்றால் நீர்வண்ணம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயில் பெயின்டிங்கில் தப்பு செய்தால் மேலேயே இன்னொரு பூச்சு பூசி மறைத்துவிடலாம். வாட்டர் கலரில் அது நடக்காது. வண்ணம் மெல்லியது, கீழே இருக்கும் தாள் தெரியும். அந்தத் தாளின் வெள்ளைதான் படத்தின் வெளிச்சம். வெள்ளை தெரிய வேண்டிய இடத்தில் வண்ணம் படாமல் விட வேண்டும். பட்டுவிட்டால் துடைத்தோ சுரண்டியோ எடுக்க வேண்டும்.

சுருளி அருவியில் காலை வெயில் படும்போது பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் விழும் இடத்தில் பாறை தெரியாது, தண்ணீரும் தனியாகத் தெரியாது. வெள்ளையாக ஒரு புகை மட்டும் எழும்பி நிற்கும். அதற்கு ஓரம் கிடையாது, கோடு கிடையாது. கோடு இல்லாத ஒன்றை எப்படி வரைவது? புயலடிக்கும் கடலிலும் இதே சிக்கல்தான். அலை எங்கே முடிகிறது, மழை எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

டர்னருக்கு முந்தைய தலைமுறையில் பெரும்பாலானவர்கள் முதலில் பென்சிலில் கோடு போட்டு, அதற்குள் மெல்லிய வண்ணம் நிரப்பினார்கள். ஊர்க் காட்சிக்கும் கட்டடத்துக்கும் அது போதும். டர்னர் அந்த வரிசையை மாற்றினார். தாளை நன்றாக நனைத்து, ஈரத்தின் மேலேயே வண்ணத்தை ஓடவிட்டார். காய்வதற்குள் துணியாலும் ரொட்டித் துண்டாலும் ஒற்றி எடுத்தார். காய்ந்த பிறகு கத்தியாலும் நகத்தாலும் சுரண்டி அலையின் நுரையைக் கொண்டுவந்தார். இதற்காகவே ஒரு கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார் என்று கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹேல்ஸ்வெல்: மெட்ராஸ் போக வேண்டிய கப்பல்

டர்னருக்கு 10 வயது இருக்கும்போது நடந்த விபத்து இது. 1786 ஜனவரி தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்துக்காக ஓடிய ஹேல்ஸ்வெல் என்ற பாய்மரக் கப்பல் இங்கிலாந்திலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பியது. கேப்டன் ரிச்சர்ட் பியர்ஸ். கப்பலில் 240-க்கும் மேற்பட்டவர்கள். கம்பெனிப் படைக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்கள், மாலுமிகள், பயணிகள். கேப்டனின் இரண்டு மகள்களும் உறவுக்காரப் பெண்களும் கூட இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் பயணம் என்பது பல மாத விஷயம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வர வேண்டும். வந்து சேர்ந்தாலும் மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போடும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகளில் நம் கடற்கரை ஆட்கள்தான் போய், அலைகளைத் தாண்டிப் பயணிகளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1870-களில்தான் தொடங்கியது. அதையும் 1881 புயல் சிதைத்துப் போட்டது.

ஆனால் ஹேல்ஸ்வெல் ஆப்பிரிக்காவையே பார்க்கவில்லை. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுவதற்குள் பனிப்புயலில் மாட்டியது. பாய்மரங்கள் போயின. கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. ஜனவரி 6-ம் தேதி அதிகாலை இருட்டில், டார்செட் கடற்கரையின் செங்குத்தான பாறைச் சுவரில் மோதியது. மகள்களைக் காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்ததும் கேப்டன் அவர்களோடு கப்பலிலேயே இருந்துவிட்டார். தப்பித்தவர்கள் பாறைக் குகை ஒன்றில் விடிய விடியத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் பக்கத்துக் கல்குவாரி தொழிலாளர்கள் மேலிருந்து கயிறு விட்டு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பிழைத்தவர்கள் 74 பேர்.

இங்கிலாந்தையே உலுக்கிய செய்தி இது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பின்னாளில் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்தார். உயிர் பிழைத்த அதிகாரிகள் எழுதிய விவரம் புத்தகமாக வந்து நன்றாக விற்றது. மகள்களை அணைத்தபடி நிற்கும் கேப்டனைப் பல ஓவியர்கள் வரைந்தார்கள்.

1805 பிப்ரவரியில் அதே டார்செட் கரையோரத்தில் இன்னொரு கம்பெனிக் கப்பல், ஏர்ல் ஆஃப் அபெர்கவென்னி, மூழ்கியது. இறந்தவர்கள் 250-க்கும் மேல். கேப்டன் ஜான் வேர்ட்ஸ்வொர்த், கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி. அதே ஆண்டு டர்னர் தன் சொந்தக் கேலரியில் ‘கப்பல் உடைவு’ என்ற பெரிய ஆயில் பெயின்டிங்கை வைத்தார். குறிப்பிட்ட ஒரு கப்பலின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பார்த்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கப்பல் நினைவிருந்தது.

A3 தாளை விடச் சின்னப் படம்

யார்க்‌ஷயரில் ஃபார்ன்லி ஹால் என்ற மாளிகை. உரிமையாளர் வால்டர் ஃபாக்ஸ், டர்னரின் நெருங்கிய நண்பர். டர்னரின் 200-க்கும் மேற்பட்ட படைப்புகளை வாங்கியவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது அடிமை வணிக ஒழிப்பை ஆதரித்தவர்.

1818-ல் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று புரிகிற மாதிரி ஒரு படம் வரைந்து தரும்படி ஃபாக்ஸ் கேட்டார். டர்னர் ஃபாக்ஸின் மகனைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பையன் பார்த்ததை வளர்ந்த பிறகு விவரித்திருக்கிறான். தாள் ஊறிப்போகும் வரை ஈர வண்ணத்தை ஊற்றினார். தேய்த்தார், கிழித்தார், சுரண்டினார். எல்லாம் குழப்பமாகத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பல் வெளியே வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் படம் முடிந்துவிட்டது. மாடல் இல்லை, குறிப்பு இல்லை, எல்லாம் மனதிலிருந்து.

அந்தப் போர்க்கப்பல் படத்துக்கு ஜோடியாக அதே அளவில் வரைந்ததுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் உடையும் நீர்வண்ணம். ஹேல்ஸ்வெல்தான் இதற்கு ஆதாரம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. A3 தாளை விடக் கொஞ்சம் சின்னது. ஆனால் பார்ப்பவருக்கு நிற்க இடமே கொடுக்காத படம். கப்பலின் தளம் சாய்ந்து நம் பக்கம் சரிகிறது. அதில் மனிதர்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மற்ற ஓவியர்கள் கேப்டனையும் மகள்களையும் நடுவில் வைத்தார்கள். டர்னர் படத்தில் கேப்டன் யார், பயணி யார், சிப்பாய் யார் என்று பிரித்தே பார்க்க முடியாது. கூலிக்குச் சேர்ந்த சிப்பாயும் கேப்டனின் மகளும் ஒரே அளவுப் புள்ளிகள். ஜோடிப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் காலத்துப் பிரிட்டனின் இரண்டு பக்கங்கள் தெரியும். ஒன்றில் அசைக்க முடியாத கடற்படை. இன்னொன்றில் அதே நாட்டின் கம்பெனிக் கப்பல், அதன் ஆட்களோடு நொறுங்குகிறது.

இந்தியாவைப் பார்க்காமலே இந்தியாவை வரைந்தவர்

டர்னர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஐரோப்பாவைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் இந்தியா அவர் மேசைக்கு வந்தது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த செய்தி லண்டனில் பெரிய பரபரப்பு. அதற்கு அடுத்த சமயத்தில், சுமார் 1800-ல், ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையை டர்னர் நீர்வண்ணத்தில் வரைந்தார். அங்கே இருந்தவர்கள் கொண்டுவந்த விவரங்கள்தான் ஆதாரம். பிறகு 1830-களில், ஜார்ஜ் ஃபிரான்சிஸ் வைட் என்ற ராணுவ அதிகாரி இமயமலையில் போட்டுவந்த ஸ்கெட்ச்களை வைத்து, புத்தகத்துக்காக நீர்வண்ண ஓவியங்கள் செய்து கொடுத்தார்.

இந்த வேலைகளில் டர்னர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெற்றிச் செய்தி விற்கும் காலத்தில் வெற்றிச் செய்தியை வரைந்தார். பேரரசின் பணத்தில் வாழ்ந்த லண்டன்வாசி அவர். அதை மறைத்துவிட்டு அவரை மனிதநேய ஓவியர் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். மீதிப் பாதி ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

ஜமைக்காவில் போட்ட 100 பவுண்ட்

1805-ல், ‘கப்பல் உடைவு’ ஓவியத்தைக் காட்சிக்கு வைத்த அதே ஆண்டில், டர்னர் 100 பவுண்ட் கொடுத்து ஒரு முதலீட்டுத் திட்டத்தில் பங்கு வாங்கினார். ஜமைக்காவில் ஒரு கால்நடைப் பண்ணை. லாபம் பங்குதாரர்களுக்குப் பிரிக்கப்படும். பண்ணையில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள்.

அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. அப்போது ஜமைக்கா என்றாலே சர்க்கரை, சர்க்கரை என்றாலே அடிமை உழைப்பு. லண்டனில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்த யாரும் செய்த முதலீடுதான். இன்றைக்கு ஒருவர் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டுவிட்டு, அது எந்தெந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று தோண்டிப் பார்க்காமல் இருப்பது போல. ஒரு வித்தியாசம்: இங்கே தோண்ட வேண்டிய அவசியம் இல்லை, எல்லாம் வெளிப்படை. சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் நொடித்துப் போனது.

அடிமைகளைக் கப்பலில் கொண்டுபோய் விற்கும் வணிகத்தை 1807-ல் பிரிட்டன் தடை செய்தது. அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது. அந்தச் சட்டம் இழப்பீடு கொடுத்தது அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. அடுத்த ஆண்டு முதலே அந்தத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். முதலில் மொரீஷியஸ், பிறகு மேற்கிந்தியத் தீவுகள். போனவர்களில் தமிழர்களும் ஏராளம். மொரீஷியஸில் இன்றும் தமிழ்ப் பெயர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கரை தெரிந்தும் கரையேறாதவர்கள்

1833 ஆகஸ்ட் 31. பிரான்ஸின் பூலோன் கடற்கரைக்குப் பக்கத்தில் ஆம்ஃபிட்ரைட் என்ற கப்பல் தரைதட்டியது. 100-க்கும் மேற்பட்ட பெண் கைதிகளையும் 12 குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். பலர் சின்னத் திருட்டுக்காக நாடு கடத்தப்பட்டவர்கள்.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். ஆனால் பெண்களைக் கரையில் இறக்கவில்லை. இறக்கினால் தப்பி ஓடிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்று அப்போதே செய்திகள் வந்தன. அன்று இரவு கப்பல் உடைந்தது. பிழைத்தது மாலுமிகள் 3 பேர் மட்டும். பெண்களில் ஒருவர் கூட மிஞ்சவில்லை, குழந்தைகளில் ஒருவர் கூட மிஞ்சவில்லை.

டேட் கேலரியில் இருக்கும் டர்னரின் ‘கடலில் பேரழிவு’ என்ற ஆயில் பெயின்டிங் இந்தச் சம்பவம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுமார் 1835-ல் வரைந்தது. மிதக்கும் மரச்சட்டத்தின் மேல் பெண்களும் குழந்தைகளும் குவிந்து கிடக்கிறார்கள். அவர் அதை முழுதாக முடிக்கவில்லை. உயிரோடு இருந்தவரை காட்சிக்கும் வைக்கவில்லை.

ஹேல்ஸ்வெல்லை உடைத்தது புயல். ஆம்ஃபிட்ரைட்டில் புயல் மட்டும் காரணம் இல்லை. அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டது. டர்னர் பிறகு வரைந்த ஒரு பெரிய கடல் ஓவியத்தில் அப்படிப்பட்ட முடிவுதான் விஷயமே.

1840: அடிமைக் கப்பல்

சோங் என்ற கப்பலின் கதையை முதலில் பார்த்துவிடலாம். 1781-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை அடைத்துக்கொண்டு ஜமைக்காவுக்குப் போன கப்பல் அது. வழி தவறி, நோய் பரவி, தண்ணீர் போதவில்லை என்று சொல்லி, 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். கப்பலுக்குள் நோயில் செத்தால் இன்சூரன்ஸ் கிடையாது. கப்பலைக் காப்பாற்றச் சரக்கைத் தூக்கிப் போட்டோம் என்று சொன்னால் தலைக்கு 30 பவுண்ட் கேட்கலாம். உரிமையாளர்கள் கேட்டார்கள். 1783-ல் வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. அது கொலை வழக்கு இல்லை, இன்சூரன்ஸ் வழக்கு. முதலில் உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பு; பிறகு மறு விசாரணைக்கு உத்தரவு. கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

1840 மே மாதம், 65 வயது டர்னர் ராயல் அகாடமி கண்காட்சியில் ஒரு ஆயில் பெயின்டிங்கை வைத்தார். செத்தவர்களையும் சாகக் கிடப்பவர்களையும் அடிமை வியாபாரிகள் கடலில் வீசுவதை, புயல் நெருங்கிவருவதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். சுருக்கமாக இன்று அதை ‘அடிமைக் கப்பல்’ என்கிறார்கள். அதே கோடையில் லண்டனில் உலக அடிமை எதிர்ப்பு மாநாடு நடந்தது.

வானம் ரத்தச் சிவப்பும் மஞ்சளுமாக எரிகிறது. கப்பல் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கிறது, அது உடையவில்லை. முன்னால், நமக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு மேல் கைகள், விலங்கு பூட்டிய ஒரு கால், சுற்றி மீன்கள். உடைந்த கப்பல்களை 35 ஆண்டுகளாக வரைந்தவர், இந்த முறை கப்பலைத் தப்பவிட்டு மனிதர்களை மட்டும் கடலில் விட்டார்.

விமர்சகர்கள் பலர் சிரித்தார்கள். வண்ணம் கத்துகிறது, மீன்கள் வேடிக்கையாக இருக்கின்றன என்றெல்லாம் எழுதினார்கள். இளம் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் மட்டும் டர்னரின் கடல் ஓவியங்களிலேயே இதுதான் உச்சம் என்று 1843-ல் புத்தகத்தில் எழுதினார். அவருடைய அப்பா அந்தப் படத்தையே வாங்கிப் பரிசளித்தார். ஆனால் ரஸ்கினும் கடலையும் வெளிச்சத்தையும் விரிவாக வர்ணித்துவிட்டு, இது அடிமைக் கப்பல் என்ற தகவலை அடிக்குறிப்பில்தான் போட்டார். பல ஆண்டுகள் கழித்து, பார்க்கப் பார்க்க வேதனையாக இருக்கிறது என்று விற்றுவிட்டார். படம் அமெரிக்காவுக்குப் போனது. 1899 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜமைக்காப் பங்கு அந்த நேரத்தில் அவர் நினைவில் இருந்ததா? இதைப் பற்றி டர்னர் எதுவும் எழுதி வைக்கவில்லை. கணக்கில் இருப்பது இரண்டே வரிகள். 1805-ல் அடிமை உழைப்பில் 100 பவுண்ட் போட்டார். 1840-ல் அடிமைகள் சாவதைத் தன் நாட்டின் முகத்துக்கு நேரே மாட்டினார். இடையில் 35 ஆண்டுகள். பிராயச்சித்தம் என்று சொல்பவர்கள் உண்டு. சட்டம் ஒழித்த பிறகு எதிர்ப்பது சுலபம்தானே என்று கேட்பவர்களும் உண்டு.

பொய்ப் பெயரில் வாழ்ந்த முதியவர்

டர்னர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாரா டான்பி என்ற பெண்ணோடு இருந்த உறவில் அவருக்கு இரண்டு மகள்கள் என்று கருதப்படுகிறது. அவர்களுக்கு அவர் நல்ல அப்பாவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. கடைசிக் காலத்தில் மார்கேட்டில் விடுதி நடத்திய சோஃபியா பூத் என்ற விதவையோடு, லண்டன் செல்சீ பகுதியில் தேம்ஸ் நதிக்கரை வீட்டில் வாழ்ந்தார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் மிஸ்டர் பூத். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி என்று நினைத்தவர்களும் உண்டு. நாட்டின் பெரிய ஓவியர் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்று பலருக்குத் தெரியாது.

இந்தக் காலத்து ஓவியங்களில் கோடு கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. 1842-ல் வந்த பனிப்புயல் ஓவியத்தில் நீராவிக் கப்பல் எங்கே, கடல் எங்கே என்று தேட வேண்டும். இதை வரைவதற்காகவே கப்பலின் பாய்மரத்தில் தன்னைக் கட்டிப்போடச் சொல்லி 4 மணி நேரம் புயலைப் பார்த்தார் என்ற கதை பிரபலம். 67 வயதுக்காரர் அப்படிச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான், ஆதாரம் கிடைக்கவில்லை. 1844-ல் மழைக்குள் பாய்ந்து வரும் ரயிலை வரைந்தார். பிறகு வந்த பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களில் மோனே உட்படச் சிலர் லண்டன் வந்து இவர் படங்களைப் பார்த்தவர்கள்.

1851 டிசம்பர் 19-ல் செல்சீ வீட்டில் இறந்தார். செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். சலூன்காரர் மகனுக்குக் கிடைத்த சொத்து சுமார் 140,000 பவுண்ட். வறுமையில் வாடும் ஓவியர்களுக்கு இல்லம் கட்ட வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1856-ல் வந்த தீர்வின்படி பணத்தில் பெரும்பகுதி சொந்தக்காரர்களுக்கு, ஓவியங்கள் நாட்டுக்கு. இல்லம் கட்டப்படவே இல்லை. நாட்டுக்கு வந்தவை சுமார் 300 ஆயில் பெயின்டிங், கிட்டத்தட்ட 30,000 ஸ்கெட்ச் மற்றும் நீர்வண்ணத் தாள்கள்.

1928 ஜனவரியில் தேம்ஸ் நதி பெருகி டேட் கேலரியின் அடித்தளத்துக்குள் புகுந்தபோது, அங்கே வைத்திருந்த டர்னரின் தாள்கள் ஆயிரக்கணக்கில் நனைந்தன. ஒவ்வொன்றாக உலர்த்தி, பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினார்கள்.

இன்று எங்கே பார்க்கலாம்?

கம்பெனிக் கப்பல் உடையும் நீர்வண்ணம் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரில், தி ஹிக்கின்ஸ் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் இப்படிப்பட்ட படங்களை வருடம் முழுக்கத் தொங்கவிட மாட்டார்கள். போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. டர்னர் நாட்டுக்கு விட்டுப்போனவற்றில் பெரும்பகுதி லண்டன் டேட் பிரிட்டனில், இதற்கென்றே 1987-ல் திறக்கப்பட்ட கிளோர் கேலரியில் உள்ளது. டேட் இணையதளத்தில் இவற்றை இலவசமாகவே பார்க்கலாம். ஃபோனில் பார்க்கிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி அலைகளுக்கு நடுவில் தேடினால், முதல் பார்வையில் நுரை மாதிரித் தெரிந்த புள்ளிகளில் சில மனிதர்கள் என்று தெரியவரும்.

அவர் பெயரில் 1984 முதல் டர்னர் பரிசு வழங்கப்படுகிறது. 1991-ல் அதை வாங்கியவர் மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர். 2020-ல் வெளியான 20 பவுண்ட் நோட்டில் இருப்பது டர்னரின் முகம். பின்னணியில் உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்படும் டெமரேர் என்ற பழைய போர்க்கப்பல். ஜமைக்காவுக்குப் போன 100 பவுண்ட் கணக்கும் இப்போது அவருடைய வாழ்க்கை வரலாற்றின் பகுதியாகிவிட்டது. ‘அடிமைக் கப்பல்’ பற்றிய பேச்சில் அதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

தனுஷ்கோடி 1964, ஒக்கி 2017 என்று கடல் கொண்டுபோனவர்களைத் தமிழ்நாடும் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையிலேயே சண்டை வந்திருக்கிறது. ஹேல்ஸ்வெல்லில் கேப்டன் பெயரும் மகள்களின் கதையும் பதிவாகின. அதே கப்பலில் மெட்ராஸுக்குக் கிளம்பிய சிப்பாய்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. பெட்ஃபோர்டில் இருக்கும் அந்தச் சின்னத் தாளில் அவர்களும் இருக்கிறார்கள், மற்றவர்களுக்குச் சமமான அளவில்.